அண்ணனுக்கும் எனக்கும் நடந்த வழக்கு

"சட்டம் முழுக்க உங்கள் பக்கம்தானே இருக்கிறது? இன்னும் என்னதான் வேண்டும் உங்களுக்கு?"

அண்ணன் இப்படிக் கேட்டது 2021ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் நான் மிளகாயைக் காயவைத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி நான்கு வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் 'உங்கள்' என்றதில் அண்ணி, நான், அம்மா, ஊரில் உள்ள அத்தனை பெண்களும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தோம். எனக்குச் சுருக்கென்றது. "நான் பட்டதையெல்லாம் நீ பக்கத்திலிருந்து பார்க்கவில்லையா?" என்று ஆரம்பித்தேன். காபி ஆறி ஆடை படியும்வரை இருவரும் விடவில்லை.

அடுத்த ஞாயிறும் அதுவே. அதற்கடுத்த ஞாயிறும் அதுவே. விட்டுவிட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நடந்தது அந்த வாதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டம் சமமா, பிள்ளை யாருடையது, வேலை யாருக்கு என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் அது சண்டையில்தான் முடியும். எங்கள் வீட்டிலும் முடிந்தது. பிறகு சண்டையில் முடியாத நாள்களும் வந்தன. அவை எப்படி வந்தன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்து நியாயம்.

2018 ஜனவரியில் என் மகள் பிறந்தாள். அப்போது கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அறுபது பேர் வேலை செய்யும் இடம். ஏழாம் மாதத்தில் மேலாளரிடம் விடுப்புக் கேட்கப் போனேன். "மூன்று மாதம் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சம்பளம் கிடையாது" என்றார். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமாகியிருந்தது. மேலாளர் பழைய கணக்கைச் சொல்கிறார் என்பதுகூட எனக்கு அன்று தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அவர்தான் சட்டத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்து, "வாயால் கேட்காதே, எழுதிக் கேள்" என்றார்.

எழுதினேன். பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள்களுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன், இன்ன தேதியிலிருந்து விடுப்பில் போகிறேன், 26 வாரச் சம்பளத்தைச் சட்டப்படி தர வேண்டும் என்று மூன்றே வரி. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தின் அடியில், 'நகல்: தொழிலாளர் துறை ஆய்வாளர்' என்று குறித்தேன். மறுநாளே கூப்பிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

என்னிடம் யோசனை கேட்கும் பெண்களுக்கு அந்த முத்திரை விஷயத்தைத்தான் முதலில் சொல்கிறேன். விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்துவது செல்லாது. வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் 26 வாரம் அப்படியே இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் காப்பகம் இல்லை. அதைக் கேட்டு இன்னொரு சுற்று மல்லுக்கட்ட எனக்குத் தெம்பும் இல்லை. அம்மா இருந்தார். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

இதுவரைக்கும் வெற்றிக் கதைதான். என் மனத்தை அரித்தது இதற்குப் பிறகு நடந்தது.

அப்போது என் சம்பளம் 24,000 ரூபாய். பக்கத்து மேஜைத் தோழிக்கு 18,000. எனக்கு இரண்டு மாதம் பின்னால் அவளும் பிரசவ விடுப்பில் போனாள். அவளிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருவார்கள். அவளுக்கான 26 வாரப் பணத்தை இஎஸ்ஐ கழகம் கொடுத்தது. எனக்கான பணமோ முதலாளியின் பெட்டியிலிருந்து போனது. அதே அறை, அதே 26 வாரம். அவளுக்குப் பிரிவுபசாரமாக ஒரு டப்பா இனிப்பு. எனக்கு மேலாளரின் பெருமூச்சு.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு கணக்குப் பிரிவில் மூன்று பேரைச் சேர்த்தார்கள். மூவரும் ஆண்கள். நேர்காணலுக்கு வந்த பெண்களின் விண்ணப்பங்களைக் கோப்பில் போட்டு வைத்ததே நான்தான். "சேர்ந்த அடுத்த வருடமே ஆறு மாதம் போய்விடுவார்கள்" என்று மேலாளர் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண்களின் பெயர்களில் ஒன்றிரண்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சட்டம் எனக்குக் கொடுத்ததை, முழுச் செலவையும் ஒரு முதலாளியின் தலையில் கட்டியதன் மூலம், அவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

மொட்டைமாடியில் இதை நான் சொன்னது, "பார், சட்டம் எங்கள் பக்கமா இருக்கிறது?" என்று காட்டுவதற்காக. அண்ணன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி, அந்த 26 வாரத்தில் அப்பனுக்கு எத்தனை வாரம்?" என்றான்.

ஒன்றும் இல்லை. தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கு ஒரு நாள் விடுப்புக்குக்கூட மகப்பேறு நலச் சட்டத்தில் இடம் இருந்ததில்லை. மத்திய அரசு ஊழியராக இருந்தால் இரண்டு குழந்தைகள்வரை 15 நாள் உண்டு. புதுச்சேரி அரசு ஊழியருக்கும் அந்த விதிதான். குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் இருக்கிறது. மனைவியை இழந்தோ பிரிந்தோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கு அது கிடைத்தது 2018இல்தான். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் ஓராண்டாக ஆக்கியது. சுனாமி நகர்க் குடியிருப்பிலிருந்து மீன்கூடை தூக்கிவரும் அக்காவுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் தாய்களுக்கு இத்தனை விதமான நீதி. அந்த வார்டின் வாசலில் நிற்கும் தகப்பன்மார்களில் பெரும்பாலோர் மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்.

அண்ணன் வெல்டர். அவன் மகள் 2017இல் பிறந்தபோது ஒரு நாள் விடுப்பு எடுத்தான். விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினான். "பெற்றது உன் மனைவிதானே, உனக்கு எதற்கு லீவு?" என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு எல்லோரோடும் சேர்ந்து இவனும் சிரித்தானாம். குழந்தை முதன்முதல் குப்புறக் கவிழ்ந்ததைக் கைப்பேசியில் பார்த்தான். இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. என்னிடம் அதுவரை தயாராக இருந்த பதில்கள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குழந்தை என்றால் அது பெண்ணின் வேலை என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது என்னை வேலையிலிருந்து தள்ளப் பார்த்தது. அதே நினைப்புதான் அவனைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்தது. நாங்கள் இருவரும் ஒரே ஆளிடம் அடி வாங்கிவிட்டு ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் வழக்கு ஆரம்பித்துவிட்டது. குழந்தையின் பொறுப்பு சம்பந்தமான மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். விவாகரத்து வழக்கையும் மனைவி தான் இருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2003இல் திருத்தம் வந்திருக்கிறது. ஆக எல்லாம் எல்லை ஊரான முள்ளோடைக்கு அப்பால், புதுச்சேரியில். "அலைவது நான்தான், பார்த்தாயா?" என்றான். "இடுப்பில் பிள்ளையோடு அண்ணி கடலூருக்கு அலைந்தால் சரியாக இருக்குமா?" என்று கேட்டேன். அதற்கு மேல் அதைப்பற்றி அவன் பேசவில்லை.

புதுச்சேரி வக்கீல் எடுத்த எடுப்பில் கேட்டது, "பெண் வீட்டார் ரெனோன்சான் குடும்பமா?" என்றுதான். பிரெஞ்சு ஆட்சியில் 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தங்கள் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அண்ணி வீட்டார் அப்படி இல்லை. ஆனாலும் புதுச்சேரிச் சம்பந்தம் உள்ளவர்கள், வாரிசுரிமையோ மணமுறிவோ எதுவானாலும், முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அடுத்த ஞாயிறு 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவை அண்ணன் உரக்கப் படித்தான். மைனர் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பிறகு தாய். ஆனால் ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அப்படியென்றால் கையெழுத்து அவனுக்கு, இடுப்பு இவளுக்கா?" என்றார். எத்தனையோ வக்கீல்கள் பேசியும் எனக்கு விளங்காததை அம்மா அந்த ஒரே வரியில் விளக்கிவிட்டார்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்து, தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999இல் தீர்ப்பு வந்தது. 'தந்தைக்குப் பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை குழந்தையின் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்றது நீதிமன்றம். சட்டத்தின் சொற்கள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. மணமாகாத தாய், தகப்பனின் பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015இல் இன்னொரு தீர்ப்பு. பான் அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தாயின் பெயர் மட்டுமே போதும் என்று விதி மாறிவிட்டது. கணவர் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் 'அப்பா கையெழுத்து வேண்டும்' என்று எந்த மேஜையிலாவது திருப்பி அனுப்பப்பட்டால், மறுப்பை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பல மேஜைகளில் பதில் மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் இருந்தார். வயதான பெண்மணி. அண்ணனோடு நானும் போயிருந்தேன். அவர் வாதப் பிரதிவாதம் எதையும் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "குழந்தையின் வகுப்பாசிரியை பெயர் என்ன, தம்பி?" என்றார். தெரியவில்லை. "செருப்பு என்ன அளவு?" தெரியவில்லை. "எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது? தடுப்பூசி அட்டையில் கடைசியாகப் போட்டது எது? இரவு விளக்கை அணைத்தால் தூங்குமா, அழுமா?" அண்ணன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். அண்ணி எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பை விவரமாகக் காட்ட வேண்டிய இடம் இது" என்றார் அந்த அம்மாள்.

திரும்பும் பஸ்ஸில் கிருமாம்பாக்கம் தாண்டும்வரை அண்ணன் வாய் திறக்கவில்லை. பிறகு, "எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே பாப்பா" என்றான். உண்மைதான். எனக்கும் யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஆனால் எட்டு வயதிலிருந்து சித்தி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அவனைக் கிரிக்கெட் மட்டையோடு வெளியே அனுப்பினார்கள்.

குழந்தையைக் கேட்டு மனுப் போடும் தகப்பன்மார்கள் யாராவது இதைப் படித்தால், எங்களுக்கு வக்கீல் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பார்க்க அனுமதித்த நாளில் ஒரு நாள்கூடத் தவறாமல், நேரத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளி நாட்குறிப்பு, மருத்துவச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருங்கள். பள்ளிக்கூடத்துக்கு நீங்களே போய் ஆசிரியையிடம் பேசுங்கள். "குழந்தையைக் காட்டாத மாதம் பணம் அனுப்ப மாட்டேன்" என்று அண்ணன் ஒருமுறை கிளம்பினான். வக்கீல் கடுமையாகத் தடுத்தார். பராமரிப்புப் பணம் குழந்தையின் சாப்பாடு, அதைப் பேரமாக்கினால் நீதிமன்றத்தில் முதலில் கெடுவது உங்கள் பெயர்தான். வருமானத்தை மறைக்காதீர்கள், 2020இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் வழக்கு நடக்கும்போது வருமானமில்லாத கணவனும் மனைவியிடம் பணம் கேட்கலாம். அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் 'எல்லாமே பெண்ணுக்குத்தான்' என்று அவன் சொல்லிவந்த வாக்கியத்திலிருந்து அன்று ஒரு செங்கல் விழுந்தது.

பெண்கள், வக்கீல் வைக்கப் பணமில்லை என்று நின்றுவிட வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆண்களில் சில பிரிவினருக்கு மட்டுமே அந்தச் சலுகை, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பத்து முதல் ஒரு மணிவரை குழந்தையைப் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. இரண்டாம் முறை போவதற்கு முந்தைய சனிக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, "எனக்குப் பின்னல் போடச் சொல்லிக்கொடு" என்றான். போன முறை குழந்தையின் தலை கலைந்து, அவிழ்ந்த ரிப்பனைக் கையில் கொண்டுவந்து நீட்டியபோது அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம்.

என் மகளை முன்னால் உட்காரவைத்தேன். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்க்கச் சொன்னேன். வகிடு எடுப்பதுதான் அவனுக்கு வரவில்லை. சீப்பின் முனையை நெற்றியிலிருந்து பிடரிவரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். அவன் உச்சியில் நிறுத்திவிடுவான், கோடு அங்கே ஒரு திருப்பம் திரும்பிவிடும். ஐந்தாறு முறை அழித்து இழுத்தான். பிறகு முடியை மூன்று காலாகப் பிரித்து, வலது காலை நடுவில் போட்டு, இடது காலை அதன் மேல் போட்டு... இரும்பைப் பற்றவைக்கும் அந்தக் கை, ஒரு பிடி முடிக்கு நடுங்கியது. "மாமா, வலிக்கிறது" என்றாள் என் மகள். உடனே தளர்த்தினான், தளர்த்தியதும் கீழே அவிழ்ந்துவிட்டது. இருட்டும்வரை நான்கு முறை போட்டுப் பார்த்தான். மறுநாள் மத்தியானம் அரியாங்குப்பத்திலிருந்து போன் செய்து, "நின்றது பாப்பா, ஒரு மணிவரை நின்றது" என்றான்.

அம்மா அடிக்கடி எங்கள் கடலூர் அஞ்சலை அம்மாளைச் சொல்வார். அம்மா பிறந்தது முதுநகரில், அஞ்சலை அம்மாள் பிறந்த ஊர். விடுதலைப் போராட்டத்தில் கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து, பிரசவத்துக்காக வெளியே வந்து, பச்சைக் குழந்தையோடு மீண்டும் சிறைக்குப் போனவர். "அவரால் முடிந்ததே, உன்னால் ஆபீசுக்குப் போய்வர முடியாதா?" என்பார். எனக்கு அஞ்சலை அம்மாள் மேல் உள்ள மரியாதை கொஞ்சமல்ல. ஆனால் இரண்டு சுமையையும் தூக்கியவரைப் போற்றிக்கொண்டே இருந்தால், ஒரு சுமையை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாமே என்ற கேள்வி எழுவதே இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரை.

சொத்து விஷயத்தில் அண்ணனும் நானும் நெடுநாள் முறுக்கிக்கொண்டிருந்தோம். அப்பா 2016இல் உயில் எழுதாமல் காலமானார். காரியம் முடிந்த மாதமே, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, அதுதான் என் பங்கு என்றார்கள் பெரியவர்கள். நான் போடவில்லை. பெண்ணுக்குப் பங்கு 1989இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தால், அல்லது 2005இல் மத்திய அரசு செய்த திருத்தத்தால் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவை பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கானவை. தகப்பன் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்ட சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956 முதலே இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

ஆறு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. பிறகு சமாதானமானோம், ஆனால் அந்த முள் அவனுக்குள் இருந்தது. ஒரு ஞாயிறு அது வெளியே வந்தது. "மூன்றில் ஒரு பங்கு கேட்டாயே, அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு எத்தனையில் ஒரு பங்கு கொடுத்தாய்?"

கொடுக்கவில்லை. அவன் கொடுப்பான் என்று இருந்துவிட்டேன். மகன்தானே பார்க்க வேண்டும் என்று நானே உள்ளுக்குள் நம்பியிருக்கிறேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. மணமான மகளுக்கும் அந்தக் கடமை உண்டு என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உரிமையை எழுதிய பக்கத்தைப் படித்த நான் கடமையை எழுதிய பக்கத்தைத் திருப்பவில்லை.

"ஆனால் அந்த நாற்பது நாளும் அம்மாவைக் குளிப்பாட்டியது நான்" என்றேன். அவனும் யோசித்தான். அப்போது என் கணவர் ஒரு யோசனை சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கட்டம் போடுங்கள், ஒன்றில் பணம், ஒன்றில் நேரம் என்றார். மருந்துச் செலவு அண்ணன் பக்கம் ஏறியது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, கால் பிடித்துவிட்டது, இரவு விழித்தது என் பக்கம் ஏறியது. மூன்று மாதம் எழுதினோம். இருவருக்குமே அதிர்ச்சி. அவன் இவ்வளவு பணம் கொடுத்தது எனக்குத் தெரியாது. நான் இத்தனை மணி நேரம் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. இப்போது பணத்தில் நான் பாதி, ஆஸ்பத்திரி நடையில் அவன் பாதி. வீட்டில் இந்தச் சண்டை இருப்பவர்கள் மூன்று மாதமாவது அந்த நோட்டைப் போட்டுப் பாருங்கள்.

வேலை, படிப்பு பற்றிய வாதத்தில் நான் தோற்ற இடம் ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. தாலிக்குத் தங்கம் தந்துகொண்டிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், படிப்புக்குப் பணம் தருவதாக மாறியது. எனக்கு அதில் பெருமகிழ்ச்சி. "பையன்களுக்கு ஏன் இல்லை?" என்றான் அண்ணன். "நூறு வருடப் பாக்கியைக் கொடுக்கிறார்கள், விடு" என்றேன். "தேவனாம்பட்டினத்தில் பிளஸ் டூ முடித்த பையன் படகேறப் போகிறான். அவன் அக்கா கல்லூரிக்குப் போகிறாள். அவன் யாருக்கு என்ன பாக்கி வைத்தான்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் அதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் வந்தது. வந்ததால் பெண்களுக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. நான் எதிர்த்தது தவறு, அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் தோற்ற இடமும் உண்டு. "இரவு ஷிப்டுக்குப் பெண்கள் வருவதில்லை, கஷ்டமானதெல்லாம் ஆண்களுக்கு" என்பான். பெண்கள் வராததல்ல, வரவிடாமல் வைத்திருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். இரவு ஏழு முதல் காலை ஆறுவரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை இருந்தது. அந்தத் தடை செல்லாது என்று 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. பாதுகாப்பு என்ற பெயரில் இரவுப் படியும் பதவி உயர்வும் எத்தனை ஆண்டுகள் பெண்களுக்கு இல்லாமல் போயின! அதைப் படித்த பிறகு அவன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

வாதம் எங்கே மாறியது என்று யோசித்துப் பார்த்தால், 'நீங்கள்', 'நாங்கள்' என்ற இரண்டு சொற்களை விட்ட அன்றுதான். அம்மா போட்ட கட்டளை அது. "அவன் செய்ததைச் சொல், அவள் செய்ததைச் சொல். ஆண்கள் பெண்கள் என்று ஊரைக் கூட்டாதே" என்றார். இரண்டாவதாக, சட்டம் என்று யார் சொன்னாலும் அந்தப் பிரிவைக் காட்டிய பிறகுதான் மேலே பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பாதிச் சண்டை, தேடி எடுக்கும் அரை மணி நேரத்திலேயே அடங்கிவிட்டது. வரதட்சணைக் கொடுமைச் சட்டத்தில் புகார் வந்தாலே கைது என்று அண்ணன் பயந்துகொண்டிருந்தான். கைது கட்டாயமில்லை, அவசியம் இருக்கிறதா என்று காவல் துறை முதலில் பார்க்க வேண்டும் என்று 2014இல் வந்த தீர்ப்பைக் காட்டினேன். அடுப்படியில் எரிந்துபோன பெண்களுக்காக வந்த சட்டம் அது என்பதை அவனும் மறுக்கவில்லை. மூன்றாவதாக, என் கணவர் சொன்னது: ஒரு சலுகையைப் பற்றிப் பேசினால், அதன் செலவு யார் பையிலிருந்து போகிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் 26 வாரத்துக்கும் பின்னால் வந்த மூன்று ஆண்களுக்கும் உள்ள தொடர்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எல்லா மகப்பேறு விடுப்புக்கும் இஎஸ்ஐ போல ஒரு பொது நிதி, தகப்பனுக்கும் கட்டாய விடுப்பு. இந்த இரண்டும் வந்தால் எந்த மேலாளரும் விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்று பார்க்க மாட்டார். இதை நான் முழு மனத்தோடு நம்புகிறேன். அண்ணனும் நம்புகிறான்.

அண்ணனும் அண்ணியும் சேரவில்லை. சேர்வார்கள் என்றும் தோன்றவில்லை. 2023இல் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைக் கடலூருக்கு அழைத்து வரலாம் என்றாயிற்று. என் மருமகளும் என் மகளும் வெள்ளிக் கடற்கரையில் மணல் வீடு கட்டுவார்கள். அண்ணன் இரண்டு தலைக்கும் பின்னல் போட்டுத்தான் அழைத்துப் போவான். இந்த ஆண்டு பங்குனியில் அண்ணியே எனக்குப் போன் செய்தார். "ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். கோடை விடுமுறையில் பாதி நாள் அவர் பார்த்துக்கொள்வாரா? கேட்டுச் சொல்கிறாயா?" என்றார். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவர் அவர். எட்டு வருடம் கழித்துப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறார்.

கேட்டேன். அண்ணன் அன்று இரவே விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துவந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினான். மே மாதத்தில் பதினைந்து நாள். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'மகளைப் பார்த்துக்கொள்ள' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.